தூக்க முடியாத ஊத்துமணி

சிரட்டைத் தீவுல ஒரு தவளையைத் தூக்க முடியாமப் போன கதை இது. யானையை இல்ல, திமிங்கலத்தை இல்ல, கட்டைவிரல் நகத்தளவு இருக்கற, வாயால ஊதுனா பறந்துரும் போல இருக்கற ஒரு தவளையை. அதைத் தூக்க ஊர்த்தலைவர் வந்தாரு, வள்ளத்துக்காரங்க எட்டுப் பேரு வந்தாங்க, கரையிலருந்து சப்பாத்து போட்ட அதிகாரி வந்தாரு, அவருக்குப் பின்னால அவரோட தராசு வந்துச்சு, ஒருத்தராலயும் ஒரு நூல் அசைக்க முடியலை. இதைச் சொன்னா கரையில சிரிப்பாங்க. சிரிக்கட்டும். நாப்பது குடும்பம் குடியிருக்கற தீவைப் பாத்து அங்க உசுரே இல்லைன்னு தாள்ல எழுதி முத்திரை குத்துனா நம்புவாங்களாம், தவளை கனக்குதுன்னா மட்டும் நம்ப மாட்டாங்களாம்.

சிரட்டைத் தீவை வரைபடத்துல தேடாதீங்க, படம் வரைஞ்சவரு அன்னைக்கு மையை மிச்சம் பிடிச்சிட்டாரு. கவுத்துப் போட்ட தேங்காச் சிரட்டை மாதிரி கடலுக்கு நடுவுல ஒரு மேடு, மேட்டுல பனை, பனைக்குக் கீழ ஓலை வீடு, வீட்டுக்கு நடுவுல கையகலத்துக்கு ஒரு மாதா கோயில், கோயிலுக்குப் பின்னால மணல்ல ஒரு ஊத்து. சுத்தி எட்டுத் திக்கும் உப்புத் தண்ணி, அந்த ஊத்துல மட்டும் நல்ல தண்ணி. விடியுற நேரத்துக்குப் பொம்பளைங்க வந்து முட்டி போட்டு உக்காந்து, மணலை ஒதுக்கி, ஊறி வர்ற தண்ணியைச் சிரட்டை சிரட்டையா மோந்து குடத்துல ஊத்துவாங்க. குடம் ரொம்புனதும் கடைசியா ஒரு சிரட்டை மோந்து, அதைக் குடத்துல ஊத்தாம ஊத்துலயே திரும்ப ஊத்திட்டுத்தான் எந்திரிப்பாங்க. ஏன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. ஊத்தாம எந்திரிச்சா கால் எந்திரிக்காதுன்னு மட்டும் சொல்லுவாங்க.

அந்த ஊத்துலதான் ஊத்துமணி இருந்துச்சு. ஈரமணல் நிறம், வயித்துல ஒரு செவப்புக் கோடு, தீப்பெட்டியைக் காதுகிட்ட வச்சு ஆட்டுன மாதிரி ஒரு சத்தம். உலகத்துல வேற எங்கயும் கிடையாத தவளை அது. அந்தச் சங்கதி தவளைக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. சிரட்டைக்குள்ள வந்துட்டா "போ தாயி"ன்னு சொல்லித் திரும்ப விட்டுருவாங்க. அவ்வளவுதான் ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை.

அதைத் தெரிஞ்சவ ஒருத்தி இருந்தா. பேரு எஸ்கலின். கடல்பாசி எடுக்கற சலேத்தம்மாளோட ஒரே மக, கரையில விடுதியில தங்கி விலங்கியல்ல முதுகலை கடைசி வருசம் படிக்கறவ, தீவுலருந்து காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு. நாக்குல மீன் முள்ளை வச்சுப் பிறந்தவன்னு ஊருக்குள்ள பேரு. விடுதியில சாம்பாருக்காகச் சண்டை, வகுப்புல வருகைப் பதிவுக்காகச் சண்டை, மாசம் ஒரு தடவை பூசை வைக்க வர்ற சாமியாரோட பிரசங்கத்துக்கு நடுவுல எந்திரிச்சு "அதெப்படிச் சாமி?"ன்னு சண்டை. பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டு அவ தீவுக்கு வந்த மறுநாள்தான் அந்தத் தாளும் வந்துச்சு.

ஒரு கம்பெனிக்குத் தீவு வேணுமாம். பேரு எதுக்கு, பேரைச் சொன்னா அதுவும் ஒரு விளம்பரம். பணக்காரங்க வந்து மல்லாக்கப் படுத்து வெயில் காயறதுக்கு விடுதி கட்டப் போறாங்களாம். ஊர்த்தலைவர் கஸ்பார் தாளை நேராவும் தலைகீழாவும் பிடிச்சுப் பாத்துட்டு எஸ்கலின்கிட்ட நீட்டினாரு. அவ படிச்சா. பட்டா இல்லாததால இங்க யாரும் குடியிருப்பவங்க இல்லையாம். குடியிருப்பவங்க இல்லாததால இங்க வீடு இல்லையாம். ஆக மொத்தம், 'உயிரினம் ஏதுமற்ற மணல்திட்டு'. முப்பது நாள்ல ஆட்சேபணை இருந்தாச் சொல்லலாமாம்.

"உயிரினம் ஏதுமற்றன்னா?" கஸ்பார் கேட்டாரு.

"நீங்க செத்துட்டியன்னு அர்த்தம் மாமா. காரியம் முடிஞ்சு கறிச்சோறும் போட்டாச்சு."

"இருநூத்திப் பன்னெண்டு பேரு இருக்கோமேட்டி!"

"ஆடும் அறுபது இருக்கு. அதையும் சேத்துச் சொல்லிப் பாருங்க, ஆட்டையாவது எண்ணுவானுவ."

அவ ரெண்டு நாள் சாப்பிடாம சட்டத்தைத் தோண்டினா. மூணாவது நாள் ஒரு ஓட்டை கிடைச்சுது. மனுசனுக்காகத் தீவை விட மாட்டாங்க. வேற எங்கயும் இல்லாத ஒரு உயிரினம் இங்க உசுரோட இருந்தா, அதுக்காக விடுவாங்க. கரையில அதுக்குன்னே ஒரு ஆபீஸ் இருக்கு, அதுல ஒரு படிவம் இருக்கு, படிவத்தோட உசுரோட ஒரு மாதிரியை நேருல காட்டி எடை போட்டு ஒப்படைக்கணும். எஸ்கலின் மனு எழுதி அனுப்பிட்டு வந்து ஊரைக் கூட்டிச் சொன்னா: "நம்மளை நம்பித் தவளை இருந்த காலம் போச்சு, இனிமே தவளையை நம்பி நாம. போய்ப் பிடிங்க."

சலேத்தம்மாள் மட்டும் பாசிச் சாக்கை உதறிக்கிட்டே சொன்னா: "ஏட்டி, ஊத்துல இருக்கறதைக் கரையேத்தக் கூடாது."

"ஏன் கூடாது?"

"கூடாதுன்னா கூடாது."

"எந்தச் சட்டத்துலம்மா இருக்கு? எத்தனாம் பிரிவு?"

சலேத்தம்மாளுக்குப் பிரிவு தெரியலை. படிச்ச புள்ள வாதத்துல ஜெயிச்சிட்டா, ஊரு கைதட்டுச்சு.

அப்புறம் அந்த ஊரு பண்ணுன காரியம் இருக்கே, அதை அந்த ஊருதான் பண்ண முடியும். காலங்காலமா ஒரு சிரட்டை மிச்சம் வச்சு மோந்த கைகள், அன்னைக்கு நீயா நானான்னு போட்டி போட்டுக்கிட்டு, குடம் குடமா, வாளி வாளியா, தண்ணி போயி சேறு, சேறு போயி களிமண்ணு தெரியற வரைக்கும் மோந்து தள்ளுச்சு. எந்த வீட்டுத் தவளை ஆபீசுக்குப் போகுதோ அந்த வீட்டுக்கு மரியாதைன்னு யாரோ கிளப்பி விட்டாங்க. பதினேழு தவளை கிடைச்சுது. ஜாம் பாட்டில்ல ஒண்ணு, சாப்பாட்டுத் தூக்குல ஒண்ணு, பிளாஸ்டிக் வாளியில பதினஞ்சு. மத்தியானத்துக்குள்ள பதினேழும் காஞ்ச புளியங்கொட்டை மாதிரி விறைச்சுப் போச்சு. கடைசிச் சிரட்டையைத் திரும்ப ஊத்தணும்னு ஒருத்தருக்கும் ஞாபகம் வரலை. எஸ்கலினுக்கும் வரலை. அவளுக்குப் படிவத்துல இருக்கற இருபத்தி ரெண்டு கட்டமும் மனப்பாடம், இது மட்டும் வரலை.

ஒரே ஒரு தவளை தப்பிச்சு, காஞ்ச ஊத்தோட விளிம்புல மணல்ல வந்து உக்காந்திருந்துச்சு. எஸ்கலின் குனிஞ்சு, வகுப்புல சொல்லிக் குடுத்த மாதிரி ரெண்டு விரலால பதமாப் பிடிச்சுத் தூக்கினா. வரலை. உள்ளங்கையை அடியில குடுத்துத் தூக்கினா. வரலை. கால் ரெண்டையும் அகட்டி வச்சுக்கிட்டுக் குடம் தூக்கற மாதிரி தூக்கினா. முதுகுதான் பிடிச்சுக்கிச்சு.

"தள்ளுட்டி. படிச்ச புள்ளையளுக்குப் பெலம் எங்க இருக்கு?"ன்னு கஸ்பார் வந்தாரு. நாப்பது வருசமா நங்கூரம் தூக்கற கை. முகம் செவந்துச்சு, கழுத்து நரம்பு புடைச்சுது, வேட்டி அவுந்துச்சு, தவளை உக்காந்திருந்துச்சு. எட்டுப் பேரு துடுப்பைக் கொண்டாந்து நெம்பினாங்க. துடுப்பு ரெண்டாப் போச்சு. தவளை ஒரு தடவை கண்ணை மூடித் திறந்துச்சு, யாருடா இவனுங்கன்னு.

சலேத்தம்மாள் எட்டிப் பாத்தா. "அதுக்கு வர இஷ்டமில்லை"ன்னா. உலை கொதிக்குதுன்னு போயிட்டா. ஊருக்கும் அந்த விளக்கமே போதுமா இருந்துச்சு. கரையில இருந்திருந்தா இதுக்கு ஒரு கமிட்டி போட்டு, கமிட்டிக்கு ஒரு தலைவரைப் போட்டு, தலைவருக்கு ஒரு காரு குடுத்திருப்பாங்க.

ரெண்டு மூணு நாள்ல எல்லாரும் அதோட குணத்தைப் படிச்சிட்டாங்க. தானா நினைச்சா பஞ்சு மாதிரித் தத்திப் போகும். அடுத்தவங்க நினைச்சா அசையாது. தீவு மணல்ல உக்காந்தா தடம் கூடப் பதியாது, பனையோலையில உக்காந்தா ஓலை வளையாது, ஆனா கரையிலருந்து வந்த சாமான் மேல ஏறிச்சுன்னா அந்தச் சாமான் காலி. பிளாஸ்டிக் வாளியில ஒரு தடவை குதிச்சுது, வாளி தோசை மாதிரி ஆயிருச்சு. ஒருத்தர் வீட்டு அலுமினியச் சட்டி, இன்னொருத்தர் வீட்டு ரேடியோ. "ரேடியோ பொய்யாத்தான சொல்லிக்கிட்டிருந்துச்சு"ன்னு அந்த வீட்டுக்காரரே சமாதானம் ஆயிக்கிட்டாரு.

கச்சான் காத்து கிளம்புன வாரம் கஸ்பார் தன்னோட வள்ளத்தை அந்தத் தவளையில கட்டினாரு. அதுக்கு வலிக்கக் கூடாதுன்னு பழைய சேலைத் துணியை மெத்தை மாதிரி சுத்தி, அதுக்கு மேல கயிறு. காத்து ஊரையே உலுக்கி எடுத்துச்சு, அவரு வள்ளம் மட்டும் ஆடாம நின்னுச்சு. மறுநாள் பதினோரு வள்ளமும் தவளையிலதான் கட்டியிருந்துச்சு. "எங்கடா கட்டுன?" "தவளையிலதான்." இப்படித்தான் பேச்சு. சத்தியம் பண்றதுன்னா தவளைக்கு முன்னால பண்ணச் சொன்னாங்க. வேலைக்குப் போகாத புருசனைப் பாத்து, "ஊத்துமணியாட்டம் உக்காந்திருக்கியே, அதாவது பதினோரு வள்ளத்தைத் தாங்குது, நீ எதைத் தாங்குத?"ன்னு பொண்டாட்டி கேட்டா. பூசைக்கு வந்த சாமியார் தவளையைச் சுத்திச் சுத்தி வந்து, மாதா செஞ்ச புதுமைன்னும் சொல்ல முடியாது இல்லைன்னும் சொல்ல முடியாது, மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டு வள்ளமேறினாரு. மேலிடம் இன்னும் யோசிக்குது.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில தவளைக்கு வெயில் தாங்கலை போல, தத்தித் தத்திக் கோயில் நிழலுக்குப் போச்சு. கட்டியிருந்த பதினோரு வள்ளமும் பின்னாலயே மணல்ல ஏறி, தெருவுல நுழைஞ்சு, ஆட்டுப்பட்டியைச் சாச்சு, கோயில் வாசல்ல வந்து மந்தை மாதிரி நின்னுச்சு. உள்ள செபம் சொல்லிக்கிட்டிருந்தவங்க திரும்பிப் பாத்துட்டு, விட்ட எடத்துலருந்து சொன்னாங்க.

ஆனா ஊத்து ஊறலை. அதைத்தான் யாரும் பேசலை. களிமண்ணுல கண்ணீர் மாதிரி சொட்டுச் சொட்டாக் கசியும், அதுவும் கரிக்கும். அரைக் குடத்துக்கு அரை நாள் ஆச்சு. மோந்த கை யாருதுன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால எல்லாரும் தவளையைப் பத்தி மட்டும் பேசினாங்க.

அதிகாரி வந்தாரு. நல்லபெருமாள்னு பேரு. முட்டிவரைக்கும் சப்பாத்து, கையில குடை, குடைக்கடியில ஒரு எலுமிச்சைச் சாத டப்பா. ஊருல இருந்த ஒரே நாற்காலி, கஸ்பார் வீட்டுச் செவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி, அதைப் போட்டு உக்கார வச்சாங்க.

"எங்க மாதிரி?"

"அந்தா உக்காந்திருக்கு சார். வயித்துல செவப்புக் கோடு பாருங்க, கால் விரல் பாருங்க, எல்லாம் மனுவுல எழுதியிருக்கேன்"னா எஸ்கலின்.

"கொண்டா, எடை போடுவோம்." பையிலருந்து தங்கம் நிறுக்கற மாதிரி ஒரு குட்டித் தராசை எடுத்தாரு.

"அதைத் தூக்க முடியாது சார்."

"ஏன், கடிக்குமா?"

"கனக்கும்."

அவரு ஊரையே ஒரு பார்வை பாத்தாரு. அந்தப் பார்வை எல்லாருக்கும் பழக்கம்தான், ரேசன் கடையில, ஆஸ்பத்திரி வரிசையில, பள்ளிக்கூடத்துல, கரையில எங்க போனாலும் அதே பார்வையைத்தான் போட்டுப் பாப்பாங்க. அப்புறம் குனிஞ்சு தூக்கினாரு. ரெண்டாவது தடவை குடையை வச்சிட்டுத் தூக்கினாரு. மூணாவது தடவை முக்கினதுல சட்டையோட நடுப் பொத்தான் தெறிச்சுக் கடல் பக்கம் போச்சு. தூக்க முடியலைன்னு மட்டும் அவரு வாயில வரலை. "மாதிரி ஒத்துழைக்கலை"ன்னாரு.

கடைசியில தவளையே மனசு வச்சு ஒரு தத்துத் தத்தித் தராசு மேல உக்காந்துச்சு. தராசு மணலுக்குள்ள இறங்குச்சு. இறங்கிக்கிட்டே போச்சு. தவளை திரும்பத் தத்தி நிழலுக்கு வந்துச்சு, தராசு வரவே இல்லை.

நல்லபெருமாள் அந்தக் குழியை எட்டிப் பாத்தாரு. அப்புறம் படிவத்தைத் தொடையில வச்சு எழுத ஆரம்பிச்சாரு. "இந்த இனத்தோட எடை ஒரு கிராம்னு மனுவுல எழுதியிருக்க. இதோட எடை ஒரு கிராம் இல்லை. அதனால இது அந்த இனம் இல்லை."

"சரி. அப்ப இது புது இனம். இன்னும் அரிதாப் போச்சு. எழுதுங்க."

"புது இனம்னா வேற படிவம். மாதிரியைத் தலைமை ஆபீசுல ஒப்படைக்கணும்."

"தூக்க முடியாததை எப்படி சார் ஒப்படைக்க?"

"அது விண்ணப்பதாரர் பொறுப்பு."

"போட்டோ எடுங்க!"

"போட்டோ எதை வேணா எடுக்கலாம்."

"சத்தத்தையாவது கேளுங்க சார். வேற எந்தத் தவளைக்கும் இந்தச் சத்தம் கிடையாது."

தவளை கத்துச்சு. அவரு காதைக் குடுத்துக் கேட்டாரு. "தீப்பெட்டியை ஆட்டுறீங்க"ன்னாரு.

எஸ்கலினுக்கு வந்துச்சே ஒரு கோவம். "உங்க கண்ணு முன்னால உக்காந்திருக்கு. உங்க தராசை முழுங்கியிருக்கு. உங்க பொத்தானைத் தெறிக்க விட்டிருக்கு. இன்னும் அது இல்லைன்னு எழுதுத கையை எங்க சார் வாங்குனிய?"

அவரு கோவப்படலை. அதுதான் கொடுமை. கோவப்பட்டா மனுசன்னு ஒரு சந்தேகமாவது வந்திருக்கும். எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டு, டப்பாவைக் கடல்ல அலசி, "மாதிரி இல்லை"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு வள்ளமேறிட்டாரு.

பத்து நாள்ல உத்தரவு வந்துச்சு. வியாழக்கிழமை பெரிய படகுல போலீசு வரும், எல்லாரையும் ஏத்திக் கரையில அஞ்சு மாடிக் கட்டடத்துல, நாலாவது மாடியிலயும் அஞ்சாவது மாடியிலயும் குடி வைக்கும். கடலோடிக்கு அஞ்சாவது மாடி! எஸ்கலினுக்கு வெள்ளிக்கிழமை முதல் பரீட்சை.

புதன்கிழமை காலையில அவ காஞ்ச ஊத்துகிட்ட உக்காந்து திட்டிக்கிட்டிருந்தா. கம்பெனியைத் திட்டினா, ஆபீசைத் திட்டினா, ரேடியோவைத் திட்டினா, கைதட்டுன ஊரைத் திட்டினா. சலேத்தம்மாள் பாசிச் சாக்கோட வந்து நின்னு முழுசாக் கேட்டா.

"எல்லாரையும் திட்டிட்டியா?"

"இன்னும் இருக்கு."

"ஒரு ஆளை விட்டுட்டியே."

எஸ்கலின் நிமிந்து பாத்தா. "போய்ப் பிடிங்க"ன்னு அன்னைக்குச் சொன்ன தன் வாயையும் சேத்து ஒரு திட்டுத் திட்டினா.

"எடுத்ததைத் திரும்ப ஊத்து"ன்னா சலேத்தம்மாள். "வீட்டுல முக்கால் குடம் இருக்கு."

"இருக்கறதே அதாம்மா. குடிக்க என்ன பண்ண?"

"நாளைக்கே கரையில அஞ்சாவது மாடியில குழாய்த் தண்ணி குடிக்கப் போறவதான, இன்னைக்கு என்ன?"

எஸ்கலின் போனா, குடத்தைத் தூக்கிட்டு வந்தா. அழுகை வந்துச்சு, அதையும் திட்டிக்கிட்டே முட்டி போட்டு உக்காந்தா, சிரட்டை சிரட்டையா மோந்து களிமண்ணுல ஊத்தினா. வறண்ட மண்ணு மடமடன்னு உறிஞ்சுது. பாத்துக்கிட்டிருந்த பொம்பளைங்க ஒவ்வொருத்தியாப் போயி அவங்கவங்க வீட்டுல இருந்த தண்ணியைக் கொண்டாந்தாங்க, அரைக் குடம், கால் செம்பு, ஒருத்தி புள்ளைக்குக் காய்ச்சி வச்சிருந்த ஒரு டம்ளர். ஒரு வீட்டுலயும் ஒரு சொட்டு மிச்சமில்லை. கஸ்பார் தவளையைச் சுத்தியிருந்த கயிறெல்லாம் அவுத்து விட்டாரு, வள்ளங்களை ஆம்பளைங்க திரும்பக் கரைக்கு இழுத்துட்டுப் போனாங்க. தவளை கோயில் நிழல்லருந்து தத்தி வந்துச்சு, விளிம்புல நின்னு ஒரு நிமிசம் யோசிச்சுது, உள்ள குதிச்சுது.

மத்தியானத்துக்குள்ள ஊத்து வாய் வரைக்கும் ரொம்பி நின்னுச்சு. கண்ணாடி மாதிரித் தண்ணி.

சலேத்தம்மாள்தான் முதல்ல ஒரு சிரட்டை மோந்து குடிச்சா, ஒரு சிரட்டை திரும்ப ஊத்தினா, "அப்பாடா"ன்னு சொல்லிக்கிட்டு அந்தச் செவப்பு நாற்காலியில உக்காந்தா. நாற்காலி அப்பளம் மாதிரி நொறுங்குச்சு. மணல்ல உக்காந்தபடியே அவ சுத்திப் பாத்தா. கஸ்பார் கை குடுத்துத் தூக்கினாரு. வரலை. எட்டுப் பேரு வந்தாங்க. வரலை. அவளாவே எந்திரிச்சா, பஞ்சு மாதிரி எந்திரிச்சா, மணல்ல நாலு எட்டு நடந்தா, தடம் பதியலை. கரையில நின்ன வள்ளத்து விளிம்புல ஒரு காலை வச்சுப் பாத்தா. வள்ளம் அந்தப் பக்கமா மூழ்கித் தண்ணி மோந்துச்சு. காலை எடுத்துட்டா.

எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு. ஒருத்தரும் விளக்கம் கேக்கலை. குடிச்சா யாரும் தூக்கிட்டுப் போக முடியாது. குடிச்சா வள்ளமும் ஏற முடியாது, ஆயுசுக்கும்.

"மீனு?"ன்னு ஒருத்தர் கேட்டாரு.

"நடந்து போயிப் பிடி"ன்னா சலேத்தம்மாள். "இம்புட்டுக் கனத்தோட கடல்ல இறங்குனா எந்த நீரோட்டம் உன்னை அசைக்கும்? வலையைத் தோள்ல போட்டுக்கிட்டு அடியிலயே நடந்து போ, மூச்சு முட்டுனா வா."

கஸ்பார் குடிச்சாரு. நாப்பது வீடும் வரிசையில வந்து குடிச்சுது, வியாதிக்காரங்க குடிச்சாங்க, கைக்குழந்தைக்காரிங்க குடிச்சிட்டுப் பால் குடுத்தாங்க, ஒவ்வொருத்தரும் கடைசிச் சிரட்டையைத் திரும்ப ஊத்தினாங்க, யாரும் மறக்கலை. வரிசையோட வால்ல எஸ்கலின் நின்னா. தோள்ல பை, பைக்குள்ள பரீட்சைச் சீட்டு, சீட்டுல அவ போட்டோ, தீவுலருந்து காலேஜுக்குப் போன முதல் ஆளோட போட்டோ. கஸ்பாரு வள்ளம் இன்னும் கரையிலதான் நின்னுச்சு. துடுப்புப் போட அவளுக்கே தெரியும். இப்பவே கிளம்புனா சாயங்காலத்துக்குள்ள விடுதி, நாளைக்கு ஒரு நாள் படிப்பு, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஹால்.

"நீ குடிக்காண்டாம்"னா சலேத்தம்மாள். மெதுவாத்தான் சொன்னா. "நீ போ மக்களே. ஒருத்தியாவது கரையில இருக்கணும்."

"இருந்து?"

"படி. பெரிய ஆளா வா."

"பெரிய ஆளா வந்து, அந்த ஆபீசுல நாற்காலியில உக்காந்து, மாதிரி இல்லைன்னு எழுதவா?"

"ஏட்டி, எதுக்கெடுத்தாலும் ஒரு பேச்சு! போன்னா போயேன்!"

"எந்தப் பிரிவுல இருக்கு?"

சலேத்தம்மாளுக்கு அடிக்கணும் போல இருந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு, ரெண்டும் சேந்து முகத்தை என்னமோ பண்ணுச்சு. எஸ்கலின் பையைக் கழட்டிப் பனை மூட்டுல வச்சா. சிரட்டையை வாங்கி மோந்தா. தண்ணிக்கு அடியில ஊத்துமணி, தனியா இல்லை, அதைச் சுத்திக் கடுகு கடுகா, எண்ண முடியாத குஞ்சுகள். எங்கருந்து வந்துச்சுன்னு அவளுக்குத் தெரியலை. படிச்ச ஒரு புத்தகத்துலயும் இல்லை. கண்ணை மூடி ஒரே மடக்குல குடிச்சா, மிச்சம் ஒரு சிரட்டை மோந்து திரும்ப ஊத்தினா. "இதுக்கு முன்னாலயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல"ன்னு ஊத்துமணியைப் பாத்துச் சொன்னா.

வியாழக்கிழமை பெரிய படகு வந்துச்சு. அறுபது போலீசு, ஒலிபெருக்கி, பின்னால நல்லபெருமாள், காலி பண்ணியாச்சுன்னு கையெழுத்துப் போட. ஊரு மொத்தமும் ஊத்தைச் சுத்தி மணல்ல உக்காந்திருந்துச்சு. சண்டை போடலை, கல்லெறியலை, ஒருத்தி வெங்காயம் கூட உரிச்சுக்கிட்டிருந்தா. நாலு பேரு வந்து கஸ்பாரைத் தூக்கினாங்க. இன்னும் நாலு பேரு வந்தாங்க. பன்னெண்டு பேராச்சு. கஸ்பார் கொட்டாவி விட்டாரு. பெண் போலீசு ஆறு பேரு சலேத்தம்மாள்கிட்ட போய் மூச்சு வாங்கித் திரும்புனாங்க. தூக்கறதுக்கு லேசா ஏதாவது இருக்கான்னு தேடி, ஆறு மாசக் குழந்தை ஒண்ணை ஒரு மீசைக்காரர் எடுக்கப் போனாரு. குழந்தை அவரு மீசையைப் பிடிச்சுக்கிச்சு. அதுக்கப்புறம் அவரை அங்கருந்து எடுக்கறதே பெரும்பாடா இருந்துச்சு.

வெயில் உச்சிக்கு வந்தப்ப அறுபது போலீசும் பனை நிழல்ல படுத்துக் கிடந்தாங்க. ஒலிபெருக்கி மட்டும் 'உடனடியாகக் கலைந்து செல்லவும்'னு யாருக்கோ சொல்லிக்கிட்டிருந்துச்சு. நல்லபெருமாள் தனியா நின்னாரு. ஏதாவது எழுதியாகணும், எழுதாமத் திரும்புனா அவரு வேலைக்கே அர்த்தமில்லை. பையைத் துழாவினாரு. அந்தப் பழைய படிவம்தான் இருந்துச்சு, அதே இருபத்தி ரெண்டு கட்டம்.

எஸ்கலின் எந்திரிச்சு வந்தா. மணல்ல தடமில்லாம வந்தா.

"எழுதுங்க சார். நான் சொல்லுதேன், எனக்கு மனப்பாடம். உயிரினம் இருக்கா? இருக்கு. எண்ணிக்கை? இருநூத்திப் பன்னெண்டு. என்ன பாக்குதிய, போனதடவை பூச்சியம்னு எழுதுன அதே பேனாதான, எழுதும். வசிக்கிற இடம்? சிரட்டைத் தீவு. வேறு எங்காவது காணப்படுகிறதா?"

நல்லபெருமாள் பேனாவை வச்சுக்கிட்டு நிமிந்தாரு.

"இல்லை"ன்னா எஸ்கலின். "கரையில ஒருத்தன் கூட இல்லை. அதையும் எழுதுங்க."

அவரு எழுதினாரு. எழுத்து கோணுச்சு, ஆனா எழுதினாரு, கட்டம் கட்டமா, இருபத்தி ஒண்ணு வரைக்கும். பின்னால ஊத்துக்குள்ளருந்து நூறு தீப்பெட்டியை ஒண்ணா ஆட்டுன மாதிரி சத்தம் கிளம்புச்சு. கடைசிக் கட்டத்துல பேனா நின்னுச்சு.

"எடை?"ன்னு கேட்டாரு.

எஸ்கலின் ரெண்டு கையையும் விரிச்சு அவரு முன்னால நின்னா.

"தூக்கிப் பாத்து எழுதுங்க சார்."